சார்ஜரோடு சேர்த்து எத்தனை கிலோ?

அந்தப் பையை இப்படிக் கொடுங்க தம்பி, மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்க நின்றுகொண்டு வர, நான் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? குளித்தலையில் இந்த அம்மா இறங்கிவிடுவார்கள், அப்புறம் நீங்களே உட்காரலாம். கொடுங்க, பயப்படாதீங்க, கீழே போட மாட்டேன்.

லேப்டாப்தானே? கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோவுக்குக் குறையாது. கேம் ஆடுகிற லேப்டாப். சரிதானே? சிரிக்கிறீங்க. எப்படிக் கண்டுபிடித்தான் என்று பார்க்கிறீங்க. இந்த விஷயத்தில் நான் ஒரு கோடைக்காலம் முழுக்கப் படித்தவன் தம்பி. காலேஜில் இல்லை, போனில் படித்தேன். எங்கே படித்தால் என்ன?

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. க.பரமத்திப் பக்கம். கரூரிலிருந்து கோயம்புத்தூர் போகிற ரோட்டில் வரும், கல்குவாரி நிறைய இருக்கிற ஊர். அங்கே ஒரு எடை மேடையில் எனக்கு ராத்திரி வேலை. ஜல்லி லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், நான் உள்ளே உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். காலி வண்டியாக ஒரு எடை, லோடு ஏற்றி ஒரு எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு, மற்றதெல்லாம் வெறும் பேச்சு. உலகத்தில் எதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. என் பெண்டாட்டி சாந்தாமணி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் எதைத்தான் ஒத்துக்கொண்டாள்?

என் மகள் மௌனிகா. ஒரே பெண். ப்ளஸ் டூ முடித்ததும் திருச்சியில் யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஐந்து வருஷப் படிப்பு. சந்தோஷம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது, என்னமோ நான் அந்தப் பிள்ளையைப் படிக்கவே வேண்டாம் என்று மறித்த மாதிரி. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஹாஸ்டல் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரோட்டுக்குப் போனால் திருச்சி பஸ் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம், இறங்கி ஒரு டவுன் பஸ், யுனிவர்சிட்டி வாசல். சாயங்காலம் அதே மாதிரி திரும்ப. மெட்ராஸில் வேலைக்குப் போகிறவர்கள் போகாத தூரமா?

ஹாஸ்டல் சாப்பாடு உடம்புக்கு ஆகாது. அந்தத் தண்ணீர் முடிக்கு ஆகாது. கூட இருக்கிற பிள்ளைகள் எப்படியோ, யாருக்குத் தெரியும்? இவைதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

சின்னப் பிள்ளையிலிருந்தே ஸ்கூல் பஸ் நிற்கிற இடத்துக்கு அவளை நான்தான் மொபெட்டில் கொண்டுபோய் விடுவேன். ராத்திரி வேலைக்காரன் வீட்டில் யார் முகத்தைத் தம்பி பார்க்கிறான்? எல்லோரும் எழுந்திருக்கும்போது நான் படுப்பேன், நான் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அவரவர் அவரவர் வேலையில் இருப்பார்கள். காலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான். டூட்டி முடித்து வந்து வாசலில் வண்டியை நிறுத்தக்கூட மாட்டேன், அவள் பின்னால் ஏறிவிடுவாள். டீச்சர் இப்படிச் சொன்னாள், இவள் அவளோடு பேசுவதில்லை, பல்லி சுவரில் எப்படி ஒட்டுகிறது தெரியுமா என்று வாய் ஓயாது. நான் 'ம்' போட்டுக்கொண்டே ஓட்டுவேன். அதற்கும் ஹாஸ்டலுக்கும் சம்பந்தம் கிடையாது. சும்மா சொன்னேன்.

அட்மிஷன் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"அப்பா, லேப்டாப் வாங்கோணும். படிப்புக்கும் ஆகோணும், கேமுக்கும் ஆகோணும்."

"கேமா?"

"ஆமா. எங்களுக்கு ஒரு டீம் இருக்குதுப்பா. அஞ்சு பொண்ணுங்க. போட்டிக்கெல்லாம் போறோம்."

"போட்டிக்கா? எந்த ஊருக்குப் போன? எனக்குத் தெரியாமப் போச்சே?"

"எந்த ஊருக்கும் போகலீங்ப்பா. கட்டில்ல உக்காந்துட்டே போறது."

நான் சத்தம் போட்டேன். படிக்கிற பிள்ளைக்குக் கேம் என்ன கேம் என்று கேட்டேன். சாந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க டூட்டியில செல்போன்ல கேரம் ஆடறதில்லையாக்கும்? அன்னிக்கு லாரிக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சு, எறங்கி வந்து கதவத் தட்டுனானே, மறந்து போச்சா?" என்றாள். அது வேறு. அது தூக்கம் வராமல் இருப்பதற்காக. ஆனால் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் நியாயம் எடுபடாது.

மௌனிகா போனில் ஒரு லேப்டாப் படத்தைக் காட்டினாள். கருங்கல் பாளம் மாதிரி இருந்தது. பொத்தானுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக லைட் எரிகிறது, திருவிழா கடை மாதிரி.

"இதத் தூக்கீட்டு தெனமும் பஸ்ல போக முடியாதுங்ப்பா. அதனால ஹாஸ்டல்லயே வெச்சுக்கறேன்."

"எத வெச்சுக்கற? லேப்டாப்பையா, உன்னையா?"

"ரெண்டையுந்தான்."

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது தம்பி. பிரச்சினை கனம். வேறு எதுவும் இல்லை, கனம். கனத்தைக் குறைத்துவிட்டால் ஹாஸ்டலுக்கு வேலை இல்லை. எவ்வளவு நேரான கணக்கு! கனத்தோடு ஜீவனம் பண்ணுகிறவனிடமே கனத்தைச் சொல்லுகிறாள்.

அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் வீடியோ பார்த்தேன். கேமுக்குத் தனியாக ஒரு மூளை வேண்டும், அதன் பெயர் கிராபிக்ஸ் கார்டு. அது எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு சூடாகும். சூட்டைத் தள்ள விசிறி வேண்டும், செம்பு வேண்டும், அதனால் கனம். ராம் குறைந்தால் மூச்சு வாங்கும். இங்கிலீஷ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: லேசாக இருந்தால் கேமுக்கு ஆகாது, கேமுக்கு ஆனால் லேசாக இருக்காது, இரண்டும் வேண்டுமென்றால் விலையைக் கேட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். நான் விடவில்லை. ஒரு வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன்: 'பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பெண்ணுக்கு எந்த லேப்டாப் நல்லது?' ஒருத்தன் பதில் போட்டிருந்தான்: 'அண்ணா, முதல்ல உட்கார சீட் வாங்கிக் கொடுங்க.' திமிர் பிடித்தவன்.

அப்புறம் திருச்சியில் பெரிய கடைக்கு மூன்று பேரும் போனோம். நான் வெறுங்கையோடு போகவில்லை. கறிக்கடைக்காரர் ஒருத்தரிடம் கேட்டு ஒரு கொக்கித் தராசு கொண்டுபோனேன், கையில் தொங்கவிட்டு எடை பார்ப்பது. கூடவே ஒரு மஞ்சள் பை. மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டித் தூக்கினேன். கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். என் பணம், என் பெண். மௌனிகா மட்டும் திடீரென்று வாஷிங் மெஷின் பக்கம் போய்விட்டாள், அவளுக்கும் எங்களுக்கும் ஒன்றும் இல்லாத மாதிரி.

கடையில் வேலை செய்கிற பெண் ஒன்று வந்தது. சட்டையில் ரெஜினா என்று பெயர் குத்தியிருந்தது.

"சார், என்ன சார் பண்றீங்க?"

"எடை பாக்கறேம்மா."

"அட்டையிலயே போட்டிருக்கே சார்."

"அது காலி வண்டி எடை. சார்ஜர் எங்க? காலி எடையக் காட்டி லோடு வண்டிய விக்கறீங்களே, இது நாயமா?"

நான் நல்ல சத்தமாகத்தான் கேட்டேன். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. உள்ளே போய் ஒரு சார்ஜரைத் தூக்கி வந்து பையில் போட்டது. தராசைக் குனிந்து பார்த்தது. "மஞ்சப்பை எடையக் கழிச்சீங்களா சார்?" என்றது.

சாந்தாமணி அங்கேயே சோபாவில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்க! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கழிக்கத்தான் இருந்தேன். மனசில் கழித்தாயிற்று. சொல்லுவதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் காரியம் நடந்தது. ரெஜினா ஒரு லேப்டாப் காட்டியது. ஒல்லி. தட்டு மாதிரி. உள்ளே கேம் மூளையும் இருக்கிறது. விலையைக் கேட்காதீங்க. அதற்கு இரண்டு சார்ஜர். "படிப்பு வேலைக்கு இந்தச் சின்னதே போதும் சார், போன் சார்ஜர் மாதிரிதான். கேம் ஆடும்போது மட்டும் இந்தப் பெருசு வேணும்." அந்தப் பெரிசு செங்கல் மாதிரி இருந்தது. "ஆனா ஒண்ணு சார், ஒல்லியா இருக்கறதால சூடு ஏறும். காத்தோட்டமான ரூம்ல வெச்சு ஆடணும். கொஞ்சம் கனமானதா எடுத்தீங்கன்னா…"

"வேண்டாம்மா. இதுவே போதும்," என்றேன்.

எனக்கு அப்போதே ஒன்று பளிச்சென்று தோன்றிவிட்டது. செங்கல் வீட்டில் இருக்கட்டும். சின்ன சார்ஜர் பிள்ளையோடு போகட்டும். கேம் வீட்டில், படிப்பு அங்கே. ஆட வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? இந்த யோசனை எந்த வீடியோவிலும் இல்லை தம்பி. என் சொந்த யோசனை. ஒப்பந்தமாகவே பேசினேன் மௌனிகாவிடம். அவள் அந்த லேப்டாப்பை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சரிங்ப்பா" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? லேசு என்றால் லேசு. நான் ஜெயித்தேன்.

குளித்தலை வந்துவிட்டது பாருங்க. பார்த்து இறங்கும்மா. உட்காருங்க தம்பி, ஜன்னல் பக்கம் போங்க. பை என்னிடமே இருக்கட்டும், எனக்கு ஒன்றும் கனமில்லை.

காலேஜ் திறந்தது. தினமும் காலையில் டூட்டி முடித்து வந்ததும் முதல் வேலை, அவள் பையைக் கொக்கியில் மாட்டுவேன். எங்கே எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக்கினேன், கரூரில் பிடித்துக்கொள்ளலாமே. தடி புஸ்தகத்தைப் படம் பிடித்து லேப்டாப்பில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். குடையை எடுத்துவிட்டேன், திருச்சியில் எங்கே மழை பெய்கிறது? "அப்பா, என் சீப்பு எங்கப்பா?" என்று ஒரு நாள் போன் பண்ணினாள். சீப்புக்கும் எடை உண்டுதானே?

சாந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பையத் தெனமும் தொங்கவுட்டுப் பாக்கறீங்களே, அந்தப் புள்ளைய ஒருநாள் எடை போட்டுப் பாத்தீங்களா? தாவணி போட்ட கொடிக்குச்சியாட்ட ஆயிட்டா" என்றாள். எங்கள் மேடையில் ஆளை எடை போட முடியாது தம்பி. அது லாரிக்கானது. பத்துக் கிலோவுக்குக் கீழே கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தெரியாது. அதைத்தான் அவளிடம் சொன்னேன். "உங்களுக்குந்தான்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன அர்த்தத்தில் சொன்னாளோ.

கேமா? ஆடினாள், ஆடாமல் என்ன. ஞாயிற்றுக்கிழமை ஆடுவாள். எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. பகலில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி. ஒப்பந்தப்படி செங்கல்லைச் சொருகி ஆட ஆரம்பித்தால், அந்த ஒல்லி லேப்டாப் போடுகிற சத்தம் இருக்கிறதே, லோடு லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி. "இது எந்திரிச்சுப் பறக்கப் போகுதாங்க?" என்பாள் சாந்தாமணி. அடியில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம். நான் டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டு, துண்டால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சிக்னல் வாசல்படியில்தான் வரும், பிளக் உள்ளே இருக்கிறது. நடுவில் படம் அப்படியே நின்றுவிடும். அவள் காதில் மாட்டியிருக்கிற மெஷினிலிருந்து மற்றப் பெண்களின் குரல் எனக்கே கேட்கும்: "மௌனி! ஏய் மௌனி! எங்கடி போன?" இவள் திரையைப் பார்த்தபடி "இங்கதான்டி இருக்கேன்" என்பாள். அவர்களுக்குக் கேட்காது. அந்த டீமில் இவள் இடத்துக்கு வேறு பெண்ணைப் போடலாமா என்று பேச்சு வந்ததாம். அது நெட்வொர்க் கம்பெனிக்காரனைக் கேட்க வேண்டிய கேள்வி. நான் என்ன பண்ணுவேன்?

காலையில் மொபெட்டில் போகும்போது முதல் மாதம் பழையபடி பேசிக்கொண்டு வந்தாள். ஆடியில் பேச்சு குறைந்தது. ஆடிக் காற்று, வாயைத் திறந்தால் மண் விழும், அதனால்தான். ஆவணியில் ஏறி உட்கார்ந்ததுமே என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அவள் ஹெல்மெட் என் முதுகெலும்பில் டக் டக்கென்று இடிக்கும். அப்படிப் பாசமான பிள்ளை. சின்னதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. ஸ்டாப் வந்ததும் நான் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். பஸ் தூரத்தில் வரும்போதுதான் "கண்ணு, பஸ்ஸு" என்பேன்.

அப்புறம்தான் அந்த வெள்ளகோவில் சமாசாரம். பஸ்ஸில் தூங்கிவிட்டாள். சாயங்கால பஸ், பரமத்தியில் எழுப்பச் சொல்லி கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள், அந்த மனுஷன் மறந்துவிட்டான். அவன்மேல்தான் தப்பு. பஸ் பரமத்தியைத் தாண்டி, தென்னிலையைத் தாண்டி, வெள்ளகோவில் போனபிறகு எழுப்பி இறக்கிவிட்டான். சாந்தாமணி போன் பண்ணும்போது நான் டூட்டியில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒரு வண்டி நிற்கிறது, பின்னால் நாலு வண்டி. அப்படியே கதவைச் சாத்திவிட்டு மொபெட்டை எடுத்தேன். ஆரன் சத்தம் பாதி ரோடு வரைக்கும் கேட்டது. ஓனர் மறுநாள் பேசின பேச்சு வேறு.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஏடு படிந்திருந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து, மடியில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். பேக்கரிக்காரர் ஃபேனை அவள் பக்கம் போட்டிருந்தார். நான் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"என்னால முடியலீங்ப்பா" என்றாள்.

"பை கனமா இருக்குதா சாமி?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த லேப்டாப் கடையில் பார்த்த மாதிரியே பார்த்தாள். "பை கனமில்லீங்ப்பா" என்றாள்.

நான் அதைத்தானே அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்! கனமில்லை என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. ஆனாலும் பாருங்க, அந்த வாரமே சாந்தாமணி பெட்டி கட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஹாஸ்டலில் போய் எழுதிக் கொடுத்து, இடம் வாங்கி, எல்லாம் இரண்டு பேருமாகவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். நான் டூட்டி முடித்து வந்து படுத்திருந்தேன். ராத்திரி முழுக்க முழித்தவன் தூங்காமல் என்ன செய்வான்? மௌனிகா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று "அப்பா" என்றாள். நான் நல்ல தூக்கம். "அப்பா, போய்ட்டு வர்றேனுங்ப்பா" என்றாள். எனக்குக் காதிலேயே விழவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டுப் போனாள். அதுவும் எனக்குத் தெரியாது. அசந்த தூக்கம்.

ஆனால் ஒன்று. செங்கல் வீட்டில் இருந்தது. பெரிய சார்ஜர். நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேம் வீட்டில் என்பதுதானே பேச்சு? பேச்சு மாறக்கூடாது. டிவிக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்திருந்தேன், வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி. சனிக்கிழமை வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. ப்ராக்டிஸாம். சார்ஜர் இல்லாமல் என்ன ப்ராக்டிஸ் என்று கேட்டேன். அங்கே இன்னொரு பிள்ளையும் அதே லேப்டாப்தான் வைத்திருக்கிறதாம், அதனுடைய சார்ஜரை வாங்கிச் சொருகிக்கொள்கிறார்களாம். உலகத்தில் இன்னொரு அப்பனும் போய் அதே லேப்டாப்பை வாங்குவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்க. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை.

பகலில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வயசு ஆகிறது, அதனால். காலையில் டூட்டி முடித்து வந்தால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அதன்மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பழக்கம். சாந்தாமணி வந்து "ஏனுங்க, எறங்கி வாங்க, காப்பி ஆறுது" என்பாள்.

அப்புறம் ஒரு நாள் அந்தச் செங்கல்லைக் கையில் எடுத்தேன். மின்சாரச் சாமான் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் தம்பி. உள்ளே ஈரம் இறங்கும். இதையும் வீடியோவில்தான் பார்த்தேன். நல்ல காசு கொடுத்து வாங்கினது வீணாகக்கூடாது. அதற்காகத்தான் போனேன். டூட்டியிலிருந்து நேராக பஸ் ஏறிவிட்டேன், வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஹாஸ்டல் கேட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சொன்னதும் உள்ளே ஆள் அனுப்பினார்கள். மௌனிகா ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "அப்பா! யாருக்கு என்னாச்சு? அம்மாவுக்கா?" என்று பதறுகிறாள். நான் சார்ஜரை நீட்டினேன்.

"இதுக்காவா வந்தீங்க?"

"பின்னே எதுக்கு?"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக் கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீ வாங்கினாள், சமோசா வாங்கினாள். உட்கார்ந்ததுதான் தம்பி, ஆரம்பித்தாள்! அந்த டீமில் இவளைத்தான் இப்போது கேப்டனாகப் போட்டிருக்கிறார்களாம். ரூமில் இருக்கிற பெண் தூத்துக்குடியாம், தூக்கத்தில் கணக்குப் பாடம் ஒப்பிக்குமாம். ஒரு புரொபசர் தப்பைக் கண்டுபிடித்தால் சாக்லேட் கொடுப்பாராம். வாயை மூடவில்லை. நான் 'ம்' போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு ஒன்றும் மோசமில்லை என்றாள். முடியைப் பார்த்தேன். கொட்டின மாதிரி தெரியவில்லை. முகத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. தண்ணீர் போகப் போகத்தான் வேலையைக் காட்டும், பார்க்கலாம்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள். "அப்பா, பக்கெட் இல்லீங்ப்பா. அடுத்த வாரம் கொண்டாந்து தர்றீங்களா?" என்றாள்.

அதுவரைக்கும் எதில் குளித்தாள் என்று கேட்டேன். "இருந்துச்சு, ஒடைஞ்சு போச்சு" என்றாள். சரி என்று மறுவாரம் பக்கெட் கொண்டுபோனேன். அன்றைக்கும் டீ, அன்றைக்கும் பேச்சு. கிளம்பும்போது சொல்கிறாள், "அப்பா, மக் வேணும்." பக்கெட் கேட்கிறவளுக்கு மக்கும் வேண்டும் என்று அன்றைக்கே தெரியாதா? மறுவாரம் மக். அப்புறம் தலையணை. அப்புறம் தலையணைக்கு உறை. "உறைய அப்பவே கேட்டிருக்கலாமில்ல?" என்றால், "மறந்துட்டேனுங்ப்பா" என்று சிரிக்கிறாள். சாந்தாமணி என்னைக் கேலி பண்ணுகிறாள்: "ஹாஸ்டலுக்கு எதுத்தாப்பலயே கடை இருக்குது. நான் என் கண்ணால பாத்தனே. மக்கு விக்கறான், உறை விக்கறான், சகலமும் விக்கறான்." எனக்கும் அதுதான் தம்பி புரியவில்லை. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, ஒரு டீமுக்கே கேப்டன், ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரே தடவையில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் பேச்சுப் பேச்சுதான். நான் தோற்கவில்லை. லேசான லேப்டாப்தான் வாங்கினோம், ஹாஸ்டலில் இருந்தாலும் அது லேசாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் எனக்கு நன்றாகத் தூக்கமும் வருகிறது, வீட்டைவிட நன்றாக. இன்றைக்கு உங்களோடு பேசியதில் தூங்கவில்லை, பரவாயில்லை.

இருங்க, போன் அடிக்கிறது. அவள்தான்.

ஆமா சாமி… முக்கொம்பு தாண்டிட்டேன்… ம்… உறைதானே, கொண்டாறேன், என் பையில இருக்குது… என்னது? கொடிக்கயிறா? அடுத்த வாரத்துக்கா? சரி. ஏன் கண்ணு, கயிறுன்னா கிளிப்பும் வேணுமில்ல, அதையும் சேத்தி… ம்… ம்… சரி சரி. வெயில்ல நிக்காத, கேட்டுக்குள்ளயே இரு. வந்தர்றேன்.

கேட்டீங்களா? அடுத்த வாரம் துணி காயப்போட கயிறு வேண்டுமாம். கிளிப்பையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றால், "வேண்டாங்ப்பா, அது அதுக்கடுத்த வாரம்" என்கிறாள். ஒரு வாரம் முழுக்கக் கிளிப் இல்லாமல் வெறும் கயிற்றை மட்டும் கட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வாளாம்? காற்றடித்தால் துணியெல்லாம் பறக்காதா? நீங்க படித்தவர், நீங்களே சொல்லுங்க.